வீட்டின் வெளிச்சுவரும் நகராண்மைக் கழக அனுமதியும்

தோட்டத்து லயத்தை விட்டு, ஊழியர் சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்துத் தாமானில் மலிவு விலை வீடு வாங்கிக் குடிபுகுந்த குடும்பங்கள் பல. புது வீட்டிற்குப் போன சில மாதங்களில் அவர்களிடமிருந்து எழும் முதல் முறையீடு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "வீட்டுக்குள் வெக்கை தாங்க முடியவில்லை." இரண்டாவது முறையீடு, "அடுக்களை போதவில்லை." இவ்விரண்டுக்கும் தீர்வு தேடப் புறப்படுவோர் முதலில் கொத்தனாரையே காண்கின்றனர். நகராண்மைக் கழகத்தைக் காண்பது கடைசியில். அதுவும் அங்கிருந்து கடிதம் வந்த பின்னர். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது ஏன் நலம் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

"வீடு என்னுடையது, கடனைக் கட்டுவது நான், என் சுவரைத் தொட எவரைக் கேட்க வேண்டும்?" என வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. ஆனால் சுவருக்கு இரண்டு பக்கங்கள் உள்ளன. உட்பக்கம் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. வெளிப்பக்கமோ தெருவோடும், அண்டை வீட்டாரோடும், பின்சந்தோடும், கால்வாயோடும் உறவுடையது. சட்டமும் இந்த வேற்றுமையைத்தான் பார்க்கிறது.

தீபகற்ப மலேசியாவில் இதுபற்றிப் பேசும் சட்டங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். இதனை 133ஆவது சட்டம் என்பர். மற்றொன்று, 1976ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம். இது 172ஆவது சட்டம். கோலாலம்பூருக்குத் திட்டமிடலில் தனிச் சட்டம் உண்டு. சபா, சரவாக் மாநிலங்களுக்கும் அவற்றின் சொந்தச் சட்டங்கள் உண்டு. ஆயினும் அடிப்படை நோக்கம் எங்கும் ஒன்றே.

172ஆவது சட்டத்தின் 19ஆம் பிரிவு, திட்ட அனுமதியின்றி எவரும் மேம்பாட்டு வேலை செய்யலாகாது என்கிறது. அதே பிரிவு சில வேலைகளுக்கு விலக்கும் அளிக்கிறது. நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது இந்த விலக்கைத்தான். கட்டடத்தைப் பேணவோ திருத்தவோ செய்யப்படும் வேலை, கட்டடத்தின் உட்புறத்தை மட்டும் பாதிப்பதாயின் அதற்குத் திட்ட அனுமதி வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலை வெளித்தோற்றத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றலாகாது. உயரத்தையோ தரைப்பரப்பையோ கூட்டலாகாது. வடிகாலையும் கழிவுநீர் ஏற்பாட்டையும் கட்டடத்தின் உறுதியையும் பாதிக்கலாகாது. கட்டடத்தின் பயன்பாட்டையும் மாற்றலாகாது. இந்த எல்லைக்குள் நிற்கும்வரை நாம் சுதந்திரர். வெளிச்சுவரின்மேல் கனமான பலகைகளைப் பதித்து அதன்மேல் சிமெண்டு பூசினால் எல்லையைத் தாண்டிவிட்டோம். பின்புறச் சுவரை உடைத்து அடுக்களையை நீட்டினால் எல்லையை வெகுதூரம் தாண்டிவிட்டோம்.

133ஆவது சட்டத்தின் 70ஆம் பிரிவு மற்றொரு பக்கத்திலிருந்து இதையே சொல்கிறது. ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான முன் அனுமதியின்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது. "நான் கட்டடம் எழுப்பவில்லையே, சுவரைத்தானே நகர்த்தினேன்" என்று கூறித் தப்ப இயலாது. ஏனெனில், வெளிச்சுவரையோ இரு வீட்டுக்கும் பொதுவான சுவரையோ எழுப்புவதும், தரைப்பரப்பைக் கூட்டுவதும், சுவர்களுக்கிடையே உள்ள திறந்த வெளிக்குக் கூரை போடுவதும் இச்சட்டத்தின் கண்ணில் கட்டடம் எழுப்புவதாகவே கொள்ளப்படும். "முன்" என்ற சொல்லையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கட்டிய பிறகு கேட்பது அனுமதி கேட்பதாகாது.

இனி வெக்கைக்கு வருவோம். பழைய லயங்கள் பலவற்றில் வசதி குறைவு. ஆனால் முன்னே திண்ணையும் தாழ்வாரமும் இருந்தன, சுற்றிலும் மரங்கள் இருந்தன. சுவரில் நேர்வெயில் படுவது குறைவு. தாமான் வீட்டில் அந்த நிழல் இல்லை. வரிசையின் கோடி வீடாக இருந்து, அதன் பக்கச் சுவர் மேற்கே பார்த்து நின்றால், பிற்பகல் வெயில் முழுவதையும் அந்தச் செங்கல் சுவரே வாங்கிக்கொள்கிறது. செங்கல் வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. தன்னுள் தேக்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். அதனால்தான் பொழுது சாய்ந்து வெளியே குளிர்ந்த காற்று வீசும் வேளையிலும் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது.

இதற்கு மருந்தாகக் குளிர் நாடுகளில் வழங்கும் முறை ஒன்று இங்கேயும் பேசப்படுகிறது. சுவரின் வெளிப்புறத்தில் வெப்பத்தைத் தடுக்கும் பலகைகளை ஒட்டி மூடுவதே அது. அந்நாடுகளில் அது வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியேறாமல் காக்கிறது. இங்கே வெளிச்சூடு உள்ளே வராமல் காக்கும். முறை பிழையானதன்று. இங்கிலாந்தில் இவ்வகை வேலை மிகுதி. ஆனால் அங்கும் விருப்பம்போல் செய்துவிட முடியாது. மூடும் பொருளின் தோற்றம் பழைய சுவரை ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வெளிச்சுவரை மூடுவதற்குத் தனியாகத் திட்ட அனுமதி கேட்க வேண்டும்.

தோற்றம் மட்டுமே கவலை என்று எண்ணிவிடலாகாது. இலண்டன் மாநகரில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பில் 2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் நேர்ந்ததை உலகம் அறியும். நான்காம் மாடி வீடொன்றின் அடுக்களையில் பற்றிய தீ, வெளிச்சுவரின்மேல் பதித்திருந்த பலகைகள் வழியே மேலேறிக் கட்டடத்தையே சூழ்ந்துகொண்டது. 72 உயிர்கள் பலியாயின. அப்பலகைகள் 2016இல் முடிவுற்ற புதுப்பிப்பு வேலையின்போது பொருத்தப்பட்டவை. அலுமினியத் தகடுகளுக்கு நடுவே எளிதில் எரியும் பிளாஸ்டிக் பொருள் இருந்ததே தீ அவ்வளவு விரைந்து பரவியதற்குத் தலையாய காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. பெரிய நகரம், பெரிய நிறுவனங்கள், கற்றறிந்த பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே அவ்வாறு நேர்ந்தது என்றால், எவர் செய்த பொருள் என்றே தெரியாத நுரைப் பலகையைக் குத்தகையாளர் ஒருவர் நம் அடுக்களைச் சுவரில், எரிவாயுக் கொள்கலனுக்கு அருகே ஒட்டிச் செல்வதை எவ்வாறு பொறுத்துக்கொள்வது? இன்ன பொருள், இன்ன கனம், தீயில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று கேட்பதற்கு ஓர் அதிகாரி இருப்பது நமக்குத் தொல்லை அன்று.

மெய்யாகவே சிக்கனமாக வெக்கையைத் தணிக்க விரும்புவோர் சுவரைவிட முதலில் கூரையை நோக்க வேண்டும் என்பது நம் கருத்து. நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியது. உச்சிப் பொழுதில் கதிரவன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கிறான். ஆதலின் ஒற்றைத்தள வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியே வருவதுதான். கூரைக்குக் கீழே மினுமினுக்கும் அலுமினியத் தாளை விரிப்பதும், உட்கூரைக்கு மேல் வெப்பம் தடுக்கும் பஞ்சுப் பாயைப் பரப்புவதும், சூடான காற்று வெளியேறக் கூரையடியில் வழி விடுவதும் நல்ல பலன் தரும். தாளும் பாயும் வீட்டின் உட்புறத்து வேலைகள், வெளித்தோற்றம் மாறுவதில்லை. மேற்குச் சுவருக்கு வெண்மையான சாயம் பூசுவதற்கும் எவரும் வரைபடம் கேட்பதில்லை. சொந்த எல்லைக்குள் நிழல் தரும் செடிகளை வளர்ப்பதும் அவ்வாறே. வேர் ஓடிக் கால்வாயைப் பெயர்க்கும் மரத்தை மட்டும் தவிர்த்தல் வேண்டும். இவையெல்லாம் செய்தும் வெக்கை தணியவில்லை என்றால் அதன் பிறகு வெளிச்சுவரைப் பற்றி எண்ணலாம்.

ஓர் எச்சரிக்கை. பழைய மலிவு விலை வீடுகள் சிலவற்றில் கூரை கல்நார் கலந்த சிமெண்டுத் தகடுகளால் ஆனது. அஸ்பெஸ்டாஸ் என்பது அதுவே. அதை உடைத்தாலோ துளையிட்டாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி கிளம்பும். மூச்சில் சென்றால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் விளைவிக்கவல்லது. அத்தகைய கூரையில் ஏறித் தட்டுவதும் அறுப்பதும் கூடவே கூடாது.

அடுக்களையை நீட்டும் கதை வேறு. தாமான்களில் மிகுதியாக நடப்பதும், மிகுதியாகத் தகராறில் முடிவதும் இதுதான். பின்புறத்தில் துணி உலர்த்த விட்டிருக்கும் திறந்த வெளியைக் கண்டதும் "இந்த இடம் வீணாகக் கிடக்கிறதே" என்று தோன்றுவது இயல்பு. அவ்விடம் வீணாகக் கிடக்கவில்லை. பின்னறைக்கு வெளிச்சமும் காற்றும் அதன் வழியேதான் வருகின்றன. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளின்படி, வசிக்கும் அறை ஒன்றின் சன்னல்கள் அவ்வறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருக்க வேண்டும். காற்றுப் புக வல்ல திறப்பு 5 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. 100 சதுர அடி அறை என்றால் 10 சதுர அடிச் சன்னலும், அதில் 5 சதுர அடியாவது திறக்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். பின்வெளியை முழுவதும் மூடிவிட்டால் சன்னல் இருந்தும் பயனில்லை. அது அடுக்களைப் புகையை அறைக்குள் கொண்டுவரும் வழியாக மாறிவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஓயாத இருமல் என்று மருந்தகத்துக்கு அலையும் குடும்பங்கள் தங்கள் பின்னறையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பின்வெளியின் தரைக்குக் கீழே பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயும் அதன் மூடியும் இருக்கும். அதன்மேல் சிமெண்டுத் தரை போட்டுவிட்டால், அடைப்பு ஏற்படும் நாளில் தரையை உடைத்தாக வேண்டும். அதற்குள் அண்டை வீடுகளிலும் கழிவுநீர் பொங்கியிருக்கும். பின்சந்து குப்பை வண்டிக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் உரிய வழி. அதில் ஓர் அடி நீட்டிக் கட்டுவதும் ஆக்கிரமிப்பே. இரு வீட்டுக்கும் நடுவேயுள்ள பொதுச்சுவர் கூரைக்கு மேலே 225 மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும் என்பது துணைவிதி. ஒரு வீட்டுத் தீ கூரை வழியே அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருப்பதற்காகவே அவ்வாறு விதித்தனர். குத்தகையாளரோ செலவைக் குறைக்க அச்சுவரைத் தட்டிவிட்டு இரு வீட்டுக் கூரையையும் ஒன்றாக இணைத்துவிடுகிறார்.

அனுமதி கேட்பது எவ்வாறு? மரம் சீவி ஓய்வு பெற்ற ஒருவர் தம் மேற்குச் சுவரை மூடவும் அடுக்களையை நீட்டவும் எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செல்ல வேண்டிய இடம், மதிப்பீட்டு வரி கட்டுகின்ற அதே ஊராட்சி மன்றம். அது மாநகர் மன்றமாகவோ நகராண்மைக் கழகமாகவோ மாவட்ட மன்றமாகவோ இருக்கலாம். அங்குள்ள கட்டடப் பிரிவில், தாம் செய்ய விரும்பும் வேலையைச் சொல்லி, அது சிறுபணியா, முழு வரைபடம் வேண்டிய பணியா என்று கேட்க வேண்டும். இந்த வரையறை மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். ஆகவே வேறு ஊரிலுள்ள மைத்துனர் சொன்னதை நம்பிச் செயல்படுதல் தகாது. அடையாள அட்டையின் நகல், நிலப்பட்டா அல்லது வீடு வாங்கிய ஒப்பந்தத்தின் நகல், நில வரி, மதிப்பீட்டு வரி இரண்டையும் கட்டிய ரசீதுகள், வீட்டின் படம் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். வரி பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்க்கச் சொல்வார்கள். அண்டை வீட்டாரின் ஒப்புதல் கடிதம் கேட்கும் மன்றங்களும் உண்டு. வேலையின்போது சாலையோ கால்வாயோ சேதமுற்றால் ஈடுகட்டுவதற்காகக் காப்புத்தொகை வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பித் தரும் வழக்கமும் உள்ளது. அந்த ரசீதைத் தொலைத்துவிடலாகாது.

பெரிய வேலையாயின், வரைபடத்தைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ பதிவுபெற்ற கட்டட வரைவாளரோதான் மன்றத்திடம் அளிக்க முடியும். "வரைபடமும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறும் குத்தகையாளரிடம், அதில் கையொப்பமிடப் போகிறவர் யார், அவர் பதிவு எண் என்ன என்று கேட்டறிய வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் காணாமல் முன்பணம் கொடுப்பது அறிவுடைமையாகாது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு பாதிச் சுவரோடு மறைந்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது நம் வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. திட்ட அனுமதி கிடைத்தும் வேலையைத் தொடங்காமல் 12 மாதங்கள் கடத்திவிட்டால், நீட்டிப்பு வாங்காத வரையில் அது காலாவதியாகிவிடும்.

வீடமைப்பு நிறுவனத்திடமிருந்து வீட்டைப் புதிதாக வாங்கியவர்களுக்கு இன்னொரு செய்தி. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தென்படும் குறைபாடுகளை அந்நிறுவனமே தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். அதற்குள் சுவரை உடைத்து மாற்றிவிட்டால், வெடிப்பு யாரால் வந்தது என்ற வழக்கில் நம் கை தாழ்ந்துவிடும். வெடிப்பையும் ஒழுக்கையும் எழுதிக் கொடுத்துச் சரிசெய்துகொண்ட பிறகே மாற்றங்களைத் தொடங்குதல் சாலச் சிறந்தது.

அனுமதியின்றிக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். 133ஆவது சட்டத்தின் 70ஆம் பிரிவின்கீழ் குற்றம் நிரூபிக்கப்பட்டால் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 172ஆவது சட்டத்தின்கீழ் அபராதத்தின் உச்சவரம்பு 500,000 ரிங்கிட். அடுக்களைச் சுவர் ஒன்றுக்காக எவருக்கும் இந்த உச்சவரம்பை விதிப்பார்கள் என்று கூறி அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. உண்மையில் தொழிலாளர் குடும்பத்தை வாட்டுவது வேறு. கட்டியதை இடிக்கும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. கட்டவும் செலவு, இடிக்கவும் செலவு. வாழ்நாள் சேமிப்பில் எஞ்சியிருந்தது அந்தச் சுவரோடு போய்விடும். இடிபடாமல் தப்பினாலும், பின்னாளில் வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ போகும்போது, வரைபடத்தில் இல்லாத அறையைக் கண்டு வங்கி தயங்கும். வாங்க வருபவர் விலையைக் குறைப்பார்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? ஒளிந்துகொள்வதில் பயனில்லை. பதிவுபெற்ற வரைவாளர் ஒருவரைக் கொண்டு இருப்பதை உள்ளவாறே வரையச் செய்து, மன்றத்தை அணுகி, எதை ஒழுங்குபடுத்த முடியும், எதை அகற்ற வேண்டும் என்று கேட்பதே வழி. மன்றத்திலிருந்து அறிவிப்பு வந்திருந்தால் அதை அலமாரியில் வைத்துவிடாமல், அதில் குறித்துள்ள நாளுக்குள் பதில் எழுத வேண்டும். திட்ட அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவரும், விதித்த நிபந்தனை பொருந்தாது என்று கருதுபவரும், முடிவு தெரிந்த ஒரு மாதத்திற்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்திடம் முறையிடலாம். இந்த உரிமை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போர் மேலும் ஒரு படி ஏற வேண்டும். அங்கே வெளிச்சுவர் தனி ஒருவருடைய சொத்தன்று, அனைவருக்கும் பொதுவானது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகளின்படி, தம் வீட்டில் புதுப்பிப்பு வேலை செய்ய விரும்புபவர் நிர்வாகக் கழகத்தின் எழுத்து மூலமான ஒப்புதலை முன்னரே பெறுதல் வேண்டும். தேவைப்படின் ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

இறுதியாக, இன்னும் தோட்டத்து வீடுகளிலேயே வாழும் நம் வாசகர்கள். அவ்வீடு நிர்வாகத்திற்குச் சொந்தமானது. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுத்துள்ளது. 2019இல் அது திருத்தப்பட்டுப் பிற தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வீடுகளை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைப்பது முதலாளியின் கடமை. அனுமதியற்ற நீட்டிப்புகளும் கட்டமைப்பு மாற்றங்களும் நேராமல் பார்த்துக்கொள்வதும் அவர் கடமையே. ஆகவே சொந்தப் பணத்தில் தகரமும் பலகையும் வாங்கி லயத்துச் சுவரோடு அறை சேர்ப்பவருக்கு இருவகையில் இழப்பு: அகற்றச் சொன்னால் அகற்றியாக வேண்டும், தோட்டத்தை விட்டுப் போகும்போது அதற்கு ஈடு கேட்கவும் வழியில்லை. கூரை ஒழுகினால், சுவர் வெடித்தால், வெக்கையால் குழந்தைகள் உறங்க முடியாவிட்டால், தொழிலாளி செய்ய வேண்டியது அதனை எழுத்தில் நிர்வாகத்துக்குத் தெரிவிப்பதாகும். அங்கே பலன் இல்லையெனில் தொழிற்சங்கத் தலைவர் மூலமாகவோ நேரடியாகவோ வட்டாரத் தொழிலாளர் அலுவலகத்தை நாடலாம். வாய்மொழியாக மண்டோரிடம் சொல்லி வைப்பது போதாது. மனுவில் நாளையும் வீட்டு எண்ணையும் குறித்து, அலுவலகக் கிராணியிடம் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.